ஊதா மூடிக் குழாயில் யாருடைய ரத்தம்?

வேலூர் காந்தி ரோட்டில் விடிகாலையில் நடந்தால், லாட்ஜ்களிலிருந்து வெறும் வயிற்றோடு கிளம்பும் கூட்டத்தைப் பார்க்கலாம். கையில் ஃபைல், தோளில் தண்ணீர் பாட்டில். குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவரும் அதில் இருப்பார், கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கியவரும் இருப்பார். பாதிப் பேர் போவது சிஎம்சி ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கத்தான்.

குழாய்க்குள் போன ரத்தத்துக்கு முகம் கிடையாது. பத்துக் குழாய்களை வரிசையாக வைத்தால் எது யாருடையது என்று எந்த டாக்டராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் செய்யும் முதல் வேலை, என்னைக் கேட்டால் மிகப் பெரிய வேலையும், அந்தக் குழாய் தன் ஆளை மறக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

பெயரை எழுதி ஒட்டினால் போதாதா? போதாது. நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. ஒரு இனிஷியலும் ஒரு பெயரும்தான். ஒரே நாளில் நாலு கே. லட்சுமி வருவார்கள். சுமதியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் டி போடுவார், இன்னொருவர் டிஹெச் போடுவார். என் அத்தைக்கு நடந்தது இதுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு சின்ன லேபிலிருந்து சர்க்கரை 310 என்று சீட்டு வந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். அன்று ராத்திரி உடம்பெல்லாம் வியர்த்து மயங்கி விழுந்தார். சீட்டு அதே பெயருள்ள வேறொரு அம்மாவுடையது. அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை.

அதனால்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண். ஆனால் எண்ணையும் மாற்றி எழுதலாமே? அதற்கு ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. 48213 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், இப்படியே ஐந்தாவதை 5ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 4 + 16 + 6 + 4 + 15 = 45. அதை 11ஆல் வகுத்தால் மீதி 1. அந்த 1ஐக் கடைசியில் சேர்த்தால் 482131. இப்போது அவசரத்தில் யாரோ நடுவில் புரட்டி 482311 என்று அடித்துவிட்டார். கம்ப்யூட்டர் மறுபடி கூட்டிப் பார்க்கும்: 43, மீதி 10. கடைசி இலக்கம் 1ஆக இருக்கிறதே! எண் தவறு என்று அங்கேயே நிறுத்திவிடும். இப்படிச் சேர்க்கும் இலக்கத்துக்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர். ஆதாரின் கடைசி இலக்கமும் இந்த வேலைக்குத்தான், கணக்கு மட்டும் வேறு.

குழாயில் ஒட்டும் பார்கோடிலும் இதே யோசனைதான். ஸ்கேனரின் வெளிச்சம் பட்டதும் வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து கோடுகளின் அகலத்தை அளந்து எண்ணைப் படிக்கிறது. கசங்கிய ஸ்டிக்கரைத் தப்பாகப் படித்துவிட்டால் சரிபார்ப்புக் கணக்கு ஒத்துவராது; படிக்க மறுத்துவிடும். தப்பாகப் படிப்பதைவிடப் படிக்காமல் இருப்பது ஆயிரம் மடங்கு நல்லது.

பார்கோடை ஸ்கேன் செய்யும்போது ரத்தம் எடுத்த நேரமும் பதிவாகிறது. அது எதற்கு? குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையலாம். (சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடிக் குழாய் வைப்பது இதனால்தான், அதில் இருக்கும் ஃப்ளோரைடு இதைத் தடுக்கும்.) ஜவ்வாது மலைமேல் கிராமம் ஒன்றில் எடுத்த ரத்தம் கீழே லேபுக்கு வரும்போது இந்த நேரக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் முடிவு வருகிறது. போன வாரம் ஹீமோகுளோபின் 12, இன்று 7. கம்ப்யூட்டர் உடனே டாக்டருக்கு அனுப்பாது, பழைய அளவோடு ஒப்பிட்டு லேப்காரரை எச்சரிக்கும். ஒன்று, நோயாளிக்கு உள்ளே ரத்தம் கசிகிறது; இல்லையென்றால் குழாய் மாறிவிட்டது. இரண்டுமே அவசரம்தான். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொட்டாசிய உப்பு இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் வேறு குழாயில் கலந்துவிட்டால், பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். இரண்டும் சேர்ந்து இப்படிப் போனால் அனுபவமுள்ளவர் திரையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

ரத்த வகை மாறவே கூடாது. போன தடவை ஓ பாசிட்டிவ், இப்போது பி பாசிட்டிவ் என்றால் ரத்தம் ஏற்றுவதை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு: வேறு வகை ரத்தம் உள்ளவரிடமிருந்து எலும்பு மஜ்ஜை பெற்றவருக்கு வகையே மாறிவிடும். வேலூர் சிஎம்சியில் 1986லேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. அதனால் இந்த ஊரில் இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை.

இத்தனையும் இருந்தும் ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. சரியான ஸ்டிக்கரைத் தவறான ஆளின் குழாயில் ஒட்டிவிட்டால், கம்ப்யூட்டர் அந்தத் தவறை ஒழுங்காக, வேகமாக எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். முதல் முறை வருபவர் என்றால் ஒப்பிடப் பழைய அளவும் இருக்காது. அதனால் ரத்தம் எடுப்பவர் "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்கக் கூடாது. பயத்தில் இருப்பவரும் காது கேட்காதவரும் தலையாட்டிவிடுவார்கள். தமிழே தெரியாமல் வங்காளத்திலிருந்து வந்தவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்லக் கேட்டு, பிறகு கட்டிலருகிலேயே, அவர் கண்ணெதிரே, ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அடுத்த தடவை யாராவது பெயரைக் கேட்காமல் ஊசியை எடுத்தால், நீங்களே சொல்லுங்கள்.