மேலறைக்கு என்ன வயது?

ஈ.சி.ஜி. தாளைக் கையில் கொடுத்தால் நம் கண் போவது உயர்ந்து நிற்கும் கூர்முனைகளுக்குத்தான். மருத்துவரின் கண் அதற்குச் சற்று முன்னால் இருக்கும் சின்ன மேட்டையும் தேடும். பி அலை என்று அதற்குப் பெயர். இதயத்தின் இரண்டு மேலறைகளையும் ஒருசேரச் சுருங்க வைக்கும் மின்சாரம் கடந்து போன தடம் அது. சிலருடைய தாளில் அந்த மேடே இருக்காது. நடுங்கும் கையால் இழுத்த மாதிரி ஒரு கோடு ஓடும். கூர்முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இதுதான் மேலறை நடுக்கம். மருத்துவமனையில் ஏ.எஃப். என்பார்கள்.

வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணு, ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கச் சொல்லி ஆணையிடுகிறது. ஏ.எஃப்.பில் அந்த ஆணை எடுபடாது. மேலறைத் தசையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான மின்னலைகள் ஓடும். தசை சுருங்காமல் வெறுமனே துடிதுடிக்கும். இடது மேலறையில் காது மடல் போல ஒரு சிறு பை உண்டு. அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் நடந்துவரும் ஆய்வு, ஏ.எஃப். இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு என்று காட்டியது. ஐம்பதுகளில் இருப்பவர்களில் 200 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்தக் கோளாறு, எண்பதுகளில் 11 பேரில் ஒருவருக்கு இருப்பதும் அங்கேதான் தெரியவந்தது.

அப்படியானால் வயதுதான் காரணமா? காலண்டர் தாளைக் கிழிப்பதால் இதயத்துக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை. அந்த ஆண்டுகளில் தசைக்குள் என்ன நடந்தது என்பதே கேள்வி.

நடப்பது இதுதான். மேலறைத் தசை இழைகளுக்கு நடுவே கொலாஜன் நார் சேர்கிறது. செல்லுக்குச் செல் மின்சாரம் கடத்தும் கனெக்சின் புரதங்கள் இடம் மாறுகின்றன, குறைகின்றன. சமமான வயலில் தண்ணீர் ஒரே சீராகப் பரவும். நடுவில் அங்கங்கே மண் திட்டு எழும்பிவிட்டால் வளைந்து போகும், சில இடத்தில் சுழித்துக்கொண்டு நிற்கும். நார் படிந்த மேலறையில் மின்னலையும் அப்படித்தான் சுழிக்கிறது. அந்தச் சுழிதான் நடுக்கத்தை அணையாமல் வைத்திருக்கிறது. பற்றவைக்கும் பொறி பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வருகிறது. நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வந்து சேரும் சிரைகளின் வாயில்தான் அது பிறக்கிறது என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள் கால்சியம் கசிவதும், முதிர்ந்த செல்கள் அழற்சிப் பொருள்களைச் சுரப்பதும் பொறிக்கும் சுழிக்கும் தீனி போடுகின்றன.

ஐம்பது வயதிலேயே நார் நிறைந்த மேலறை உண்டு, எழுபதிலும் திட்டு குறைவான மேலறை உண்டு. இந்த வித்தியாசத்தை ஒரு ரத்தச் சொட்டில் படிக்க முடியுமா என்ற தேடலிலிருந்துதான் உயிரியல் வயது என்ற பேச்சு இதய நோய்க்குள் நுழைந்தது.

டி.என்.ஏ.வின் எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றின் மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள்தான் வயதாக ஆகச் சில இடங்களில் கூடும், சில இடங்களில் உதிரும். கலிபோர்னியாவின் ஆய்வாளர் ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் அப்படி 353 இடங்களை மட்டும் பார்த்து ஒருவரின் வயதைக் கணித்தார். பிரமாதமான வேலை. ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. மெத்தில் கடிகாரம் என்று அழைக்கப்படும் அந்தக் கணிப்பு முறை, பிறந்த தேதியைச் சரியாகச் சொல்லவே பழக்கப்பட்டது. பிறந்த தேதி நமக்கு ஏற்கெனவே தெரியும். உடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டியது.

அதனால் அடுத்த தலைமுறைக் கடிகாரங்களை நோயையும் மரணத்தையும் வைத்தே பழக்கினார்கள். 2018இல் ஃபீனோஏஜ், 2019இல் கிரிம்ஏஜ். ஃபீனோஏஜின் அடிப்படையைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வயதோடு சேர்த்து அது எடுத்துக்கொண்ட 9 அளவுகளும் சாதாரண ஆய்வகத்தில் கிடைப்பவை: ஆல்புமின், கிரியாட்டினின், சர்க்கரை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., அல்கலைன் பாஸ்படேஸ், வெள்ளணுக்களின் எண்ணிக்கை, அதில் லிம்போசைட்டின் சதவீதம், சிவப்பணுவின் சராசரி அளவு, ஆர்.டி.டபிள்யூ.

இந்தக் கடைசி ஒன்றைக் கொஞ்சம் பார்க்கலாம். வீட்டில் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஹீமோகுளோபினுக்குச் சில வரிகள் கீழே இருக்கும். சிவப்பணுக்கள் எல்லாம் ஒரே அளவா, பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கின்றனவா என்பதை அந்த எண் சொல்கிறது. உடலில் நீடித்த அழற்சி இருந்தால் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தி சீர்கெட்டு அது ஏறும். ஏறியவர்களுக்கு ஏ.எஃப். கூடுதலாக வருவதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் இரும்புச்சத்துக் குறைந்தாலும் அதே எண் ஏறும். ரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் நம் நாட்டில் அந்த ஒரு வரியைப் பார்த்து யாரும் இதயத்தை நினைத்துப் பயந்துவிடக் கூடாது.

ஃபிரேமிங்ஹாம் உட்பட மூன்று அமெரிக்க நீண்டகால ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2021இல் ஒரு கட்டுரை வெளியானது. பிறந்த வயதைக் கணக்கிலிருந்து கழித்த பிறகும், கிரிம்ஏஜிலும் ஃபீனோஏஜிலும் மூப்பு கூடுதலாகத் தெரிந்தவர்களுக்குப் பின்னாளில் ஏ.எஃப். அதிகமாக வந்தது. வயதாக ஆகக் குறுகும் குரோமோசோம் நுனிகளான டீலோமியர்களை அளந்து பார்த்த ஆய்வுகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2009இல் நோபல் பரிசு பெற்ற துறை என்பதற்காக எல்லாக் கேள்விக்கும் அதில் பதில் இருந்துவிடாது.

இந்த முடிவுகளை அளவோடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கையிலிருந்து எடுப்பது வெள்ளணுக்களின் டி.என்.ஏ., மேலறைத் தசையை இங்கே யாரும் தொடவில்லை. புகையும் ரத்தக் கொதிப்பும் உடல் பருமனும் கடிகாரத்தையும் ஓட்டிவிடும், மேலறையையும் கெடுக்கும். அப்படியிருக்க, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கிரிம்ஏஜின் கணக்கிலேயே புகைபிடித்த ஆண்டுகளின் மதிப்பீடு ஒரு பகுதி. மேலும், எல்லா ஏ.எஃப்.பும் மூப்பால் வருவதல்ல. 46 நாடுகளில் எடுத்த ஒரு நோயாளிப் பதிவேட்டில், ஏ.எஃப்.போடு வந்த இந்திய நோயாளிகளில் 31 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ருமாட்டிக் இதய நோய் இருந்தது. வட அமெரிக்காவில் அது 2 சதவீதத்தை ஒட்டித்தான். சிறுவயதுத் தொண்டைத் தொற்றின் பின்விளைவால் வால்வு சுருங்கி, முப்பதுகளிலேயே மேலறை வீங்கிய ஒரு பெண்ணுக்கு எந்த மெத்தில் கடிகாரமும் எச்சரிக்கை மணி அடிக்காது.

நம்பிக்கை தரும் செய்தி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அடிலெய்டில் உடல் பருமனோடு ஏ.எஃப். இருந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்கள் நடுக்கம் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு என்று 2015இல் அறிவித்தார்கள். 2020இல் இன்னொரு ஆஸ்திரேலியச் சோதனை, வழக்கமாகக் குடித்துவந்த 140 ஏ.எஃப். நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தது. ஆறு மாதத்தில், குடியைத் தொடர்ந்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு நடுக்கம் திரும்பியது. குடியை விடச் சொன்ன குழுவில் அது 53 சதவீதம்.

மெத்தில் கடிகாரம் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துப் பொருள். அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். 65 வயது கடந்தவர்களுக்கு நாடியையாவது பார்த்துவிடச் சொல்கிறது ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டுதல். அப்பாவோ பாட்டியோ சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவது சகஜம். துடிப்புகள் எந்தத் தாளத்துக்கும் அடங்காமல், இரண்டு நெருங்கியும் ஒன்று பிந்தியும் வந்துகொண்டே இருந்தால், அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். போய்ச் சேர்வதற்குள் நாடி சீராகிவிட்டாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஏ.எஃப். ஆரம்பத்தில் வந்து வந்துதான் போகும்.