கல் சிலுவைக்கு எதற்கு வளையம்?

அயர்லாந்தின் லௌத் மாவட்டத்தில், மொனாஸ்டர்பாய்ஸ் மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் ஒரு மணற்கல் சிலுவை நிற்கிறது. அடியில் முய்ரெடாக் என்ற பெயர் பொறித்திருக்கிறது. 923-இல் இறந்த மடாதிபதி அவர்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சிலுவையின் தலையைச் சுற்றி ஒரு கல் வளையம். அதைச் சூரியன் என்பார்கள், ஒளிவட்டம் என்பார்கள், வெற்றி மாலை என்பார்கள். எல்லாம் இருக்கலாம். ஆனால் அந்த வளையம் பாரம் தாங்கவும் செய்கிறது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

கல்லை அமுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் சீக்கிரம் விட்டுவிடும். மணற்கல்லில் இழுவையைத் தாங்கும் வலு, அமுக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சிலுவையின் கைகளோ பால்கனி மாதிரி ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புள்ளவை. தன் எடையாலேயே கை கீழே சாயப் பார்க்கும்; அப்போது மேல்பரப்பு இழுபடும், கீழ்ப்பரப்பு நசுங்கும். இழுவை உச்சத்தில் இருப்பது கை தண்டோடு சேரும் இடத்தில். தடிமன் மாறாமல் கையை மட்டும் இரண்டு மடங்கு நீட்டினால் அங்கே இழுவை நான்கு மடங்காகிவிடும். வளையத்தின் கீழ்ப்பாதி இந்தக் கைகளுக்கு முட்டுக் கொடுத்து, பாரத்தை அமுக்கமாக மாற்றித் தண்டுக்குள் இறக்கிவிடுகிறது.

இதற்கு நல்ல சாட்சி ஸ்காட்லாந்தின் ஐயோனா தீவில் இருக்கிறது. அயர்லாந்துத் துறவி கொலும்பா 563-இல் மடம் கட்டிய தீவு அது. அங்குள்ள செயின்ட் ஜான் சிலுவை 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கைகளின் மொத்த நீளம் இரண்டு மீட்டருக்கும் மேல். அது ஒரே கல்லும் இல்லை: பல துண்டுகளைத் தச்சு வேலை போலத் துளையிட்டு முளை செருகிச் சேர்த்திருக்கிறார்கள். முதலில் வளையம் இல்லாமல்தான் நிறுத்தினார்கள், அது விழுந்த பிறகுதான் கால்வட்டத் துண்டுகளைச் செருகினார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வளையச் சிலுவை என்ற வடிவமே இந்தப் பழுதுபார்ப்பில் பிறந்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

முய்ரெடாக் சிலுவையில் கைகள் குட்டை. வளையமும் தண்டும் ஒரே கல். அதனால் சிற்பிகளுக்குப் பயம் குறைவு. வளையத்தின் விளிம்புகளைக்கூட வெறுமனே விடவில்லை. ஒரு கைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கடவுளின் வலக்கை செதுக்கியிருப்பது தெரியும். கீழே, கல்வெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பூனைகள்!

இத்தனை நுணுக்கத்துக்கு மணற்கல்லின் பொடி மணிகள் இடம் கொடுத்தன. கில்டேர் மாவட்டத்து மூன் சிலுவை கிரானைட். அதன் படிகங்கள் பெரியவை, கடினமானவை. அதனால் அங்கே பன்னிரண்டு சீடர்களும் சதுர உடம்போடு தட்டையாக நிற்கிறார்கள். அந்த எளிமையும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் மணற்கல்லின் மணிகளைப் பிடித்திருக்கும் பிணைப்பை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது 9 சதவீதம் பருத்து உள்ளிருந்தே நெம்புகிறது. அயர்லாந்தின் கிளான்மக்னாய்ஸ் மடத்தின் சிலுவைகளை 1990-களில் உள்ளே கொண்டுபோய், வெளியே நகல்களை வைத்தார்கள். முய்ரெடாக் சிலுவைக்கும் அதைச் செய்ய வேண்டும். அதன் முகங்கள் இன்னும் தெளிவாக இருக்கும்போதே.