ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரை: பொதுக் கருவிக்கும் அரசு நிதிக்கும் எப்படி நன்றி தெரிவிப்பது?

முனைவர் பட்ட மாணவர் ஒருவர் தம் கல்லூரியில் தயாரித்த மாதிரியைச் சிறு குப்பியில் அடைத்து, பெயரெழுதி ஒட்டி, சென்னை ஐஐடியில் உள்ள எஸ்ஏஐஎஃப் என்னும் நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையத்துக்குக் கூரியரில் அனுப்புகிறார். சில வாரங்களில், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலை மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. அவருடைய கட்டுரையின் இரண்டாம் படம் அந்த நிறமாலைதான். ஆனால் கட்டுரையின் கடைசியில் உள்ள நன்றியுரையில் நெறியாளரும் கல்லூரி நிர்வாகமும் மட்டுமே இருக்கிறார்கள். நிறமாலையை எடுத்துத் தந்த மையம் எங்கும் இல்லை. இது மரியாதைக் குறைவு என்பதோடு, பல திட்டங்களில் நிதி நிபந்தனையை மீறுவதாகவும் ஆகிவிடுகிறது. அதனால் யாருக்கு, எந்த எண்ணோடு, எந்த இடத்தில் நன்றி தெரிவிக்க வேண்டும் என்பதை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

இந்தியாவில் விலையுயர்ந்த ஆய்வுக் கருவிகளைப் பொதுவில் வைத்துப் பலரும் பயன்படுத்தும் முறை 1970களிலேயே தொடங்கிவிட்டது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, அதாவது டிஎஸ்டி, அப்போது மண்டலக் கருவி மையங்கள் என்ற பெயரில் ஏற்படுத்தியவையே இன்றைய எஸ்ஏஐஎஃப் மையங்கள். பல்கலைக்கழகத் துறைகளும் முதுகலைக் கல்லூரிகளும் தங்கள் ஆய்வகங்களை மேம்படுத்திக்கொள்ள 2000ஆம் ஆண்டில் டிஎஸ்டியின் ஃபிஸ்ட் என்னும் நிதித் திட்டம் வந்தது. எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடி முன்பதிவு செய்ய உதவும் ஐ-ஸ்டெம் இணையவாசல் 2020 ஜனவரி 3 அன்று பெங்களூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் தொடங்கப்பட்டது. இவற்றைத் தவிர, அணு ஆற்றல் துறையின் பெருங்கருவிகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடும் யுஜிசி-டிஏஇ கூட்டமைப்புக்கு இந்தூர், மும்பை, கொல்கத்தா ஆகிய ஊர்களில் மையங்களும் கல்பாக்கத்தில் ஒரு கிளையும் உள்ளன.

இந்த வசதிகளைப் பயன்படுத்துகிறவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, நிதி எத்தனை வழிகளில் தம் கட்டுரைக்குள் வந்திருக்கிறது என்பதைத்தான். மாணவரின் உதவித்தொகையை அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர் தந்திருக்கலாம். வேதிப்பொருள் வாங்கிய செலவு நெறியாளரின் ஆய்வுத் திட்டத்தில் இருந்து வந்திருக்கலாம். படிக அமைப்பை அறிய உதவும் எக்ஸ்ஆர்டி கருவி, துறைக்குக் கிடைத்த ஃபிஸ்ட் நிதியில் வாங்கியதாக இருக்கலாம். என்எம்ஆர் வேறொரு நிறுவனத்தின் மையத்தில் எடுத்ததாக இருக்கலாம். இந்த நான்குக்கும் தனித்தனியாக நன்றி தெரிவிக்க வேண்டும். தம் கைக்கு நேரடியாக வந்த உதவித்தொகையை யாரும் மறப்பதில்லை. விடுபட்டுப் போவது பெரும்பாலும் துறையின் பெயரில் வந்த ஃபிஸ்ட் நிதிதான். அந்தக் கருவி மாணவர் சேருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்து அறையின் மூலையில் நின்றிருக்கும். அதை யார் பணத்தில் வாங்கினார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். துறைத் தலைவரின் அலுவலகக் கோப்பில் ஒப்புதல் ஆணை இருக்கும். அந்த ஆணையின் எண்ணை ஒருமுறை கேட்டு வாங்கி, கருவியின் பக்கவாட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைத்துவிட்டால், அடுத்து வரும் மாணவர்கள் அனைவருக்கும் அது பயன்படும்.

எண்ணை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நிதி தருகிறவர்கள் தேடுவது அதைத்தான். ஃபிஸ்ட் எண் எஸ்ஆர், எஃப்எஸ்டி என்ற எழுத்துகளோடு தொடங்கும். அடுத்து, வேதியியல் என்றால் சிஎஸ்ஐ, இயற்பியல் என்றால் பிஎஸ்ஐ, உயிர் அறிவியல் என்றால் எல்எஸ்ஐ என்று பிரிவுக் குறியும், வரிசை எண்ணும், ஆண்டும் வரும். ஒரே பல்கலைக்கழகத்தில் நான்கைந்து துறைகள் இந்த நிதியைப் பெற்றிருக்கும்போது, வெறுமனே 'டிஎஸ்டிக்கு நன்றி' என்று எழுதினால் அந்தக் கட்டுரை எந்தத் துறையின் கணக்கிலும் சேராது. திட்டக்காலம் முடிந்து நிறைவு அறிக்கை எழுதும்போதும், அடுத்த கட்ட நிதிக்கு விண்ணப்பிக்கும்போதும், அந்தக் கருவியால் வெளிவந்த கட்டுரைகளின் பட்டியலைத் துறை தர வேண்டியிருக்கிறது. கருவி பத்தாண்டு இடைவிடாமல் ஓடியிருந்தாலும், நன்றியுரைகளில் அதன் தடம் இல்லையென்றால் அதன் உழைப்பைக் காட்டத் துறையிடம் சான்று இருக்காது. புதிய கருவி கேட்டு அனுப்பும் விண்ணப்பம் அங்கேயே பலவீனப்பட்டுவிடுகிறது.

இப்போது இந்தத் தேடலைக் கணினியே செய்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் வெப் ஆஃப் சயன்ஸ் தரவுத்தளம் 2008ஆம் ஆண்டு முதல் கட்டுரைகளின் நன்றியுரையில் இருந்து நிதி நிறுவனத்தின் பெயரையும் நிதி எண்ணையும் தனியே எடுத்துச் சேமித்து வருகிறது. ஆகவே பெயரை ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு விதமாக எழுதக் கூடாது. 'சென்னை ஐஐடிக்கு நன்றி' என்று மட்டும் எழுதுவதும் போதாது; அந்த நிறுவனத்தின் பெயரில் ஆண்டுதோறும் வெளிவரும் ஏராளமான கட்டுரைகளுக்கு நடுவே எஸ்ஏஐஎஃப் மையத்தைக் கண்டெடுக்க முடியாது. மையத்தின் முழுப்பெயர், அது இருக்கும் நிறுவனம், பயன்படுத்திய கருவி ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

பல மையங்கள் நன்றி வாசகத்தைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. புனேவுக்கு அருகே, 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளோடு இயங்கும் ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தரவைப் பயன்படுத்தும் கட்டுரைகளில் இரண்டு செய்திகளைக் காணலாம்: இந்த அவதானிப்புகளைச் சாத்தியமாக்கிய ஜிஎம்ஆர்டி ஊழியர்களுக்கு நன்றி என்பது ஒன்று, அந்தத் தொலைநோக்கியை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசிய வானொலி வானியற்பியல் மையம் நடத்துகிறது என்பது மற்றொன்று. ஊழியரை முதலில் சொல்லிவிட்டு நிறுவனத்தைப் பிறகு சொல்லும் அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. இப்படி ஆயத்த வாசகம் இருக்கும் இடத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதை அப்படியே எடுத்தாள வேண்டும். வாசகம் இல்லாத இடத்தில் இவ்வாறு எழுதலாம்: 'எக்ஸ்ஆர்டி அளவீடுகளுக்காக எங்கள் துறையின் ஃபிஸ்ட் கருவி வசதிக்கு (ஒப்புதல் எண் இன்னது), நிதி வழங்கிய இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கும், கருவியை இயக்கி உதவிய இன்னாருக்கும் நன்றி தெரிவிக்கிறோம்.'

கட்டணம் கட்டித்தானே அளவீடு செய்தோம், பிறகு எதற்கு நன்றி என்று சிலர் கேட்கிறார்கள். கல்லூரி மாணவர் கட்டும் தொகை திரவ ஹீலியம், திரவ நைட்ரஜன், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டுவதற்கே போதும். கோடிக்கணக்கில் கொடுத்துக் கருவியை வாங்கிய பொதுப்பணம் அதில் அடங்குவதில்லை. ஆகவே கட்டணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் நன்றியுரை வேண்டும்.

பெயர் மாறிய நிதி நிறுவனங்கள் விஷயத்திலும் கவனம் தேவை. ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி தந்துவந்த எஸ்இஆர்பி என்னும் வாரியம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள், அதாவது ஏஎன்ஆர்எஃபுக்குள் சேர்ந்துவிட்டது. பழைய வாரியம் ஒப்புதல் தந்த திட்டங்களின் கட்டுரைகள் இன்னும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் திட்ட எண்ணை ஆணையில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, ஏஎன்ஆர்எஃப் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் முன்னாள் எஸ்இஆர்பி என்று சேர்ப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

கட்டுரையை இதழுக்கு அனுப்பும் இணையப் படிவத்தில் நிதி விவரத்துக்கென்று தனிப் பெட்டி இருக்கும். அதில் நிறுவனத்தின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கீழே விரியும் பட்டியலில் இருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுரையில் எழுதிவிட்டோமே என்று பெட்டியைக் காலியாக விடக் கூடாது. எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்ற முறையைப் பின்பற்றும் இதழ்கள் நன்றியுரையை முதலில் நீக்கச் சொல்லும். அப்போது அதைத் தலைப்புப் பக்கத்துக்கு மாற்றி வைத்துவிட்டு, மெய்ப்பு வரும்போது மறுபடியும் சேர்த்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். நன்றியுரைகள் காணாமல் போவதற்கு இந்த இடம் ஒரு முக்கியக் காரணம்.

கருவியை இயக்குகிறவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது, மின்னணு நுண்ணோக்கி அறையில் ஒரு தொழில்நுட்பர், என் மாதிரியில் மின்னூட்டம் தேங்கிப் படம் வெளுத்துப் போவதைக் கவனித்து, மறுபடியும் தங்கம் பூசி, வேகமின்னழுத்தத்தைக் குறைத்து, மாலை வரைக்கும் உட்கார்ந்து படம் எடுத்துத் தந்தார். பதிவேட்டில் என் பெயரையும் மாதிரியின் எண்ணையும் அவரே எழுதினார். கட்டுரையில் அவர் பெயர் வரவில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வழக்கமான முறையில் அளவீடு செய்து தந்தவருக்கு, அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லி நன்றி தெரிவிக்க வேண்டும். சோதனையை வடிவமைத்ததிலோ தரவை ஆராய்ந்து பொருள் கண்டதிலோ அவருக்குப் பங்கு இருந்தால், வரைவைத் திருத்தவும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தரவும் அவருக்கு வாய்ப்பளித்து, ஆசிரியர் வரிசையில் இடம் தர வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டார் என்பதற்காக அந்த உரிமை அற்றுப்போவதில்லை. மறுபக்கம், கருவி தம் பொறுப்பில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் துறைத் தலைவரை ஆசிரியராகச் சேர்ப்பதும் தவறுதான். நிதி திரட்டியதும் பொது மேற்பார்வை செய்ததும் மட்டும் ஆசிரியர் தகுதி ஆகா என்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சம்பந்தமில்லாத திட்ட எண்ணை, அறிக்கையில் கட்டுரை எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். ஒரே கட்டுரையை நான்கு திட்டங்களின் விளைவாகக் காட்டினால், எந்த நிதி எதற்குச் செலவானது என்ற கேள்வி தணிக்கையில் எழும்.

நன்றியுரையோடு சேர்ந்த இன்னொரு கடமை திறந்த அணுக்கம், அதாவது கட்டுரையை யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைப்பது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் டிஎஸ்டியும் 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை, நேரடியாக நிதி பெற்ற ஆய்வுகளுக்கு மட்டுமல்லாமல், அந்தத் துறைகளின் உதவியால் உருவான கட்டமைப்பைப் பயன்படுத்திச் செய்த ஆய்வுகளுக்கும் பொருந்தும். ஆகவே ஃபிஸ்ட் கருவியில் அளவீடு செய்தவர், இதழ் ஏற்றுக்கொண்ட இறுதி வரைவை நிறுவனக் களஞ்சியத்தில் சேர்ப்பதும், அதில் நிதி எண்ணைக் குறிப்பிடுவதும் கடமை.

கட்டுரை வெளிவந்த பிறகுதான் விடுபட்டது தெரிகிறது என்றால், இதழின் ஆசிரியருக்கு எழுதித் திருத்த அறிவிப்பு வெளியிடக் கேட்கலாம். கடிதத்தில் கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண், சேர்க்க வேண்டிய வாக்கியம், ஒப்புதல் ஆணையின் எண் ஆகியவற்றைத் தந்து, ஆசிரியர்கள் அனைவரும் உடன்பட்டிருப்பதையும் குறிப்பிட வேண்டும். அறிவிப்பு வெளியானதும் அதன் நகல் ஒன்றைக் கருவி மையத்துக்கும், இன்னொன்றை அதை இயக்கித் தந்தவருக்கும் அனுப்பி வைக்க வேண்டும்.