கிராஃப்ட் பீர்தானே டாக்டர்?

இந்தத் திங்கட்கிழமை காலை ஓபியில் அவர் மூன்றாவது ஆள். இடது காலில் பாலிஷ் போட்ட ஆபீஸ் ஷூ, வலது காலில் பாத்ரூம் செருப்பு. பெருவிரல் எதிலும் பட்டுவிடாமல் குதிகாலை மட்டும் ஊன்றி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே வந்தார். வயது முப்பத்து நான்கு, ஊர் சேலம் பக்கம், பெங்களூரு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. (அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, தோல் இழுபட்டுப் பளபளவென்று இருந்தது. நான் கையை நீட்டினேன், தொடக்கூட இல்லை, அதற்குள் காலை இழுத்துக்கொண்டார்.

"ஃபேன் காத்து பட்டாலே உயிர் போகுது டாக்டர்."

"ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவர்தான், போர்வையைத் தூக்கி எறிஞ்சிட்டார்" என்றார் மனைவி.

மூட்டு வாத மருத்துவருக்கு இதற்கு மேல் பெரிதாக யோசிக்க ஒன்றும் இல்லை. நம் மக்கள் 'யூரிக் ஆசிட் பிராப்ளம்' என்று சொல்கிற கௌட், ரத்தத்தில் கூடிப்போன யூரிக் அமிலம் மூட்டுக்குள் படிகமாகப் படிந்து வருகிற வீக்கம். வழக்கமான கேள்விக்கு வந்தேன், குடிப்பீர்களா? "ஐயோ, விஸ்கி, பிராந்தி மாதிரி ஹாட் எல்லாம் தொடமாட்டேன் டாக்டர். வீக்கெண்ட்ல பீர் மட்டும். அதுவும் கிராஃப்ட் பீர்தான்."

அந்த 'அதுவும்', அந்த 'தான்' இரண்டுக்காகவும்தான் இந்தக் கட்டுரை. இந்த வருஷம் இதே வாக்கியத்தை எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சின்ன ஆலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுகிற பீருக்குப் பெயர் கிராஃப்ட் பீர். அந்த 'கிராஃப்ட்' என்ற சொல்லை ஏதோ டாக்டர் சர்டிஃபிகேட் மாதிரி மேஜைமேல் வைக்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் மதுவிலக்குப் பிரசாரகன் இல்லை. 2010-இல் இந்திராநகர் நூறடி ரோட்டில் டோயிட் என்ற மைக்ரோபுரூவரி (அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றித்தருகிற இடம்) திறந்த காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் ஆர்பர், விண்ட்மில்ஸ் என்று வரிசையாக வந்து, இன்று ஒயிட்ஃபீல்டு, கோரமங்களா, சர்ஜாபூர் ரோடு எங்கே திரும்பினாலும் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் செம்பும் எஃகுமாகப் பீப்பாய்கள் மின்னுகின்றன. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கவுண்டரில் கம்பிக்குள் கையை விட்டு வாங்கிப் பழகின ஒருத்தனுக்கு, எப்படிக் காய்ச்சினோம், எந்த மால்ட் (முளைகட்டிய தானியம்), எந்த ஹாப்ஸ் (கசப்பு தருகிற பூ) என்று பக்கத்தில் நின்று சொல்லித்தருகிற இடம் பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. சின்ன ஆலைக்காரர்கள் நிஜமாகவே ஆசையோடு செய்கிறார்கள், ருசியும் உண்டு, நானும் குடித்தவன்தான். என் சண்டை ஆலைகளோடு இல்லை. அங்கே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற கதைகளோடுதான்.

முதல் கதை: 'இது நேச்சுரல், கெமிக்கல் இல்லை.' பாட்டில் பீரில் கிளிசரின் கலக்கிறார்கள் என்று நம் ஊரில் ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வாயைத் தண்ணீர் டம்ளரில் முக்கி, திரிதிரியாக ஏதோ கீழே இறங்குவதைக் காட்டி, "பார்த்தியா, கிளிசரின்" என்பார்கள். இறங்குவது பீர்தான் ஐயா, தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதனால் இறங்குகிறது. இந்த வித்தையைச் செய்து பார்த்த தலைமுறைதான் இப்போது கிராஃப்ட் பீருக்கு வந்து, கிளிசரின் இல்லை, பிரிசர்வேட்டிவ் இல்லை, ஆகவே உடம்புக்கு ஒன்றும் பண்ணாது என்று முடிவு கட்டுகிறது. அடுத்த மேஜையில் இன்னும் படித்த ஒருத்தர் இருப்பார். அவர் 1516-ஆம் வருஷத்து பவேரியத் தூய்மைச் சட்டத்தை எடுப்பார்: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் பீரில் போகக்கூடாது என்ற சட்டம். சரி, நல்ல சட்டம்தான். அதில் ஈஸ்ட் இல்லை, கவனித்தீர்களா? நுரைக்க வைப்பது ஓர் உயிர் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்தச் சட்டம் மறந்த நாலாவது ஆள்தான் என் கிளினிக்கை நிரப்புகிறார்.

ஏனென்றால் ஈஸ்ட் என்றால் பியூரின், பியூரின் என்றால் யூரிக் அமிலம். பியூரின் என்பது உயிரணுக்களில் இருக்கிற ஒரு பொருள், உடம்பு அதை யூரிக் அமிலமாக மாற்றிவிடும். இது பிரிசர்வேட்டிவ் சமாச்சாரமே இல்லை. யாரும் எதையும் கலக்க வேண்டியதில்லை, சுத்தமான, நேர்மையான, ஆசையாகக் காய்ச்சின பீரிலேயே அது இருக்கிறது. பாட்டிலில் வருகிற சாதாரண ஃபேக்டரி பீரை (லாகர்) வடிகட்டி ஈஸ்ட்டை எடுத்துவிடுகிறார்கள் (கரைந்த பியூரின் அதிலும் மிச்சம் இருக்கும், அதைக் குடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்). மைக்ரோபுரூவரியில் பல வகைகளை வடிகட்டுவதே இல்லை, கலங்கலாக இருப்பதுதான் அதன் அழகு. பெங்களூரில் மேஜைக்கு மேஜை போகிற ஹெஃபெவைசனை எடுத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையுமாக வருகிற அந்தக் கோதுமை பீரின் பெயரிலேயே 'ஹெஃபே', அதாவது ஜெர்மன் மொழியில் ஈஸ்ட். அந்த வாசனையைக் கொடுப்பதும் ஈஸ்ட்தான். பாட்டிலில் வந்தால் அடியில் படிந்ததைச் சுழற்றிக் கிளாசில் ஊற்றுவது ஒரு கலை என்கிறார்கள், பி-காம்ப்ளெக்ஸ் டாக்டர், வேஸ்ட் பண்ணக்கூடாது என்று ஒருத்தர் எனக்கே பாடம் எடுத்தார். கௌட் இருக்கிறவருக்கு அது வைட்டமின் இல்லை, வண்டல்.

அதாவது, கௌட் விஷயத்தில் 'ஃப்ரெஷ், வடிகட்டாதது, இயற்கையானது' என்று பெருமையாகச் சொல்கிற ஒவ்வொன்றும் உங்களுக்கு எதிரான சாட்சி. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவத் துறையினரை 12 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. தினம் 2 பீரோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு கௌட் வரும் வாய்ப்பு, பீரே குடிக்காதவர்களைப்போல் இரண்டரை மடங்கு. விஸ்கி, ஜின் வகையறாவுக்கு 1.6 மடங்கு. ஜப்பானில் 'பியூரின் பூஜ்யம்' என்று கேனிலேயே போட்டு பீர் விற்கிறார்கள், அங்கே சாதாரணக் குடிமகனுக்கும் அந்தச் சொல் தெரியும். நமக்கு ஐபியு தெரிகிறது, பியூரின் தெரியவில்லை.

ஐபியு என்றதும் ஞாபகம் வருகிறது, நிறையப் பேர் கரும்பலகையில் ஐபியு எண்ணைப் பார்த்து அதுதான் வீரியம் என்று நினைக்கிறார்கள். அது கசப்புக்கான அளவு. போதைக்கான எண் ஏபிவி, அதாவது ஆல்கஹால் சதவீதம். கசப்பே இல்லாமல் தேன் மாதிரி இறங்குகிற பெல்ஜிய வகைகள் சில 8 சதவீதம், 9 சதவீதம் இருக்கும்.

நம் சேலத்துக்காரர் பீர்களுக்கு மார்க் போடுகிற ஆப் வைத்திருக்கிறார். எதைக் குடித்தார், எங்கே, எத்தனை நட்சத்திரம் எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு இப்படி நேர்மையான ஹிஸ்டரி யாரும் தந்ததில்லை. சனிக்கிழமைக் கணக்கைப் பிரிஸ்கிரிப்ஷன் பேடின் பின்பக்கம் போட்டோம். முதல் இடத்தில் ஆறு சின்ன கிளாஸ் டேஸ்டிங், தலா 120 மில்லி, சராசரி 5.5 சதவீதம். இரண்டாவது இடத்தில் ஹெஃபெவைசன் இரண்டு மக், தலா 500 மில்லி, 5 சதவீதம். மூன்றாவது இடத்தில் 'சும்மா ஒன்று', 330 மில்லி, 8 சதவீதம். கூட்டினால் சுத்த ஆல்கஹால் 116 மில்லி. 42.8 சதவீத விஸ்கியில் 30 மில்லி ஸ்மால் பெக் ஒன்றில் இருப்பது சுமார் 13 மில்லி. வகுத்துப் பார்த்தார். ஒன்பது.

"ஒன்பது பெக்கா? நானா?"

ஹாட் தொடாதவர். மனைவி ஒன்றும் பேசவில்லை, அந்தப் பேப்பரை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

டேஸ்டிங் கிளாஸ்களை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அது 'ருசி பார்த்தது'. சும்மா ஒன்று என்பதும் கணக்கில் இல்லை. 5 சதவீதத்தில் 500 மில்லி மக் ஒன்று கிட்டத்தட்ட ஒரு லார்ஜ் (60 மில்லி) விஸ்கி, இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் பேருக்கு என் முகத்தைப் பார்க்கிற வேலை இருக்காது.

"அப்போ விஸ்கிக்கு மாறிடட்டுமா டாக்டர்?" இதையும் கேட்பார்கள், ஒன்பது பேரில் ஒன்பது பேரும். வேண்டாம். ஒரு தடவை கௌட் வந்தவருக்கு பீர், விஸ்கி, ஒயின் எதுவுமே அடுத்த தாக்குதலைக் கிளப்பிவிடும். ஆல்கஹால் இல்லாத பீரா? அதிலும் பியூரின் உண்டு, யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் ஏற்றத்தான் செய்யும். கிட்னி கல் கரைய பீர் குடிக்கச் சொன்னார்களே? சொன்னது யார்? கௌட்காரர்களுக்கு யூரிக் அமிலக் கல்லே சிறுநீரகத்தில் வரும், அதைக் கரைக்க அதே சரக்கா? தண்ணீர் குடியுங்கள்.

இதைவிட எனக்கு ஆற்றாமை எதில் என்றால், பருப்பு. இவருக்கு இது முதல் தடவை இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்திருக்கிறது, கிரிக்கெட் ஆடியதில் சுளுக்கு என்று நினைத்து ஒருத்தரிடம் உருவிக்கொண்டு, அன்று ராத்திரி கதறியிருக்கிறார். அப்புறம் யாரோ ரத்தம் எடுத்துப் பார்த்து, யூரிக் ஆசிட் அதிகம், பருப்பு, தக்காளி, கீரை தொடாதே என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் துவரம்பருப்பு கிடையாது. குழம்பு என்றால் வெறும் புளித்தண்ணி, தக்காளி இல்லாத ரசம், கூட்டு இல்லை, கீரை மசியல் இல்லை. இதெல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை. சனிக்கிழமை ஹெஃபெவைசன், கூடவே வறுத்த இறால், மட்டன் சுக்கா. நான் மேலே சொன்ன அதே ஆட்களைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில், இறைச்சியும் மீன், இறால் வகைகளும் கௌட் வாய்ப்பை ஏற்றின, பியூரின் உள்ள காய்கறியும் பருப்பு வகைகளும் ஏற்றவில்லை, கொழுப்பு குறைந்த பாலும் தயிரும் குறைத்தன. சாம்பாரைத் தண்டித்துவிட்டுப் பீரை விட்டுவிட்டோம், கிராஃப்ட் என்பதால்.

சரி, இனி நேராக விஷயத்துக்கு.

ராத்திரியோ விடிகாலையிலோ ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்தால், முக்கியமாகக் கால் பெருவிரலோ கணுக்காலோ முழங்காலோ என்றால், உருவாதீர்கள், எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், நடக்காதீர்கள். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் காத்திருக்கவே கூடாது, அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் "கால்வலிக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று கேட்டு வாங்குகிற மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், முந்தின நாள் குடித்த வயிற்றில் போட்டால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரை போகும். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் யூரிக் அமிலம் நார்மல் என்று வந்தால் கௌட் இல்லை என்று அர்த்தம் இல்லை. தாக்குதல் நேரத்தில் அது இறங்கிக் காட்டுவது உண்டு, அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை, அலோபியூரினாலோ ஃபெபக்சோஸ்டாட்டோ, ஆரம்பித்திருந்தால் வலி போய்விட்டது என்று நிறுத்தாதீர்கள், வலி வந்துவிட்டது என்றும் நிறுத்தாதீர்கள். இரண்டையும் செய்கிறார்கள். ரத்தத்தில் யூரிக் அமிலத்தை 6 மி.கி./டெ.லி.க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றும். தயவுசெய்து, அப்பாவுக்கோ மாமாவுக்கோ கௌட் இருந்தால் நீங்கள் முப்பதிலேயே ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். நம் வீடுகளில் இதை 'வாய்வு' என்று சொல்லி நாற்பது வருஷம் மறைத்துவிட்டார்கள்.

கௌட் வந்தவர்களுக்கு என் கோரிக்கை, யூரிக் அமிலம் கட்டுக்குள் வரும்வரை குடிக்கவே வேண்டாம். வந்தபிறகும் ஒரே நாளில் மூன்று இடம் சுற்றுவது இல்லை. வராதவர்கள், ஏபிவி பார்த்து ஆர்டர் செய்யுங்கள், டேஸ்டிங் கிளாஸையும் எண்ணுங்கள், ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு தம்ளர் தண்ணீர்.

சேலத்துக்காரருக்கு மருந்து எழுதி, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பும்போது, கதவருகில் போன மனைவி திரும்பி நின்றார்.

"டாக்டர், அப்போ சாம்பார்ல பருப்பு போடலாமா?"

போடலாம் என்றேன். எட்டு மாசம் டாக்டர், என்றார்.