‘ஹை பிரீஸ்டஸ்’ சீட்டு வந்தால் கணவர் எதையோ மறைக்கிறாரா?

பலன் சொல்லப் பயன்படுத்தும் டாரட் படச்சீட்டு ஒன்றின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். பெண்களை அதிகம் பதற வைப்பது ‘ஹை பிரீஸ்டஸ்’ (தலைமைப் பெண் பூசாரி) சீட்டுதான். “உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் ஏதோ நடக்கிறது” என்று யாராவது பலன் சொல்லியிருப்பார். அன்றிரவே கணவரின் கைப்பேசியைத் துழாவும் வேலை தொடங்கிவிடும்.

அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். 1909-இல் லண்டனில் வெளியான ரைடர்-வெய்ட் என்ற டாரட் சீட்டுக்கட்டுக்காக ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது அது. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு தூண்கள். பைபிளில் வரும் சாலொமோன் ஆலயத்து போவாஸ், யாகீன் தூண்களைக் குறிப்பவை. நடுவே ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். கையிலுள்ள சுருளில் பாதி மேலங்கிக்குள் மறைந்திருக்கிறது. பின்னால் மாதுளம்பழங்கள் தீட்டிய திரை, காலடியில் பிறைநிலா. துரோகம் எங்கே இருக்கிறது? இன்னொரு பெண் எங்கே இருக்கிறாள்? ‘இன்னும் தெரியவில்லை, பொறு’ என்பதுதான் டாரட் மரபே இந்தச் சீட்டுக்குத் தரும் விளக்கம். மீதியெல்லாம் பலன் சொன்னவர் சேர்த்தது.

பிறகு எப்படி அவ்வளவு பொருத்தமாகப் படுகிறது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே குணச்சித்திரத்தைக் கொடுத்து, ‘உங்களுக்கென்றே எழுதியது’ என்றார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு ஐந்துக்குச் சராசரியாக நான்குக்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். ‘உங்களிடம் ஒன்று மறைக்கப்படுகிறது’ என்ற வாக்கியம் எந்த வீட்டுக்குத்தான் பொருந்தாது?

நான் முதலில் கேட்பது, சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தச் சந்தேகம் இருந்ததா என்பதைத்தான். பெரும்பாலும் இருந்திருக்கும். மாதக்கணக்கில் சரியாகப் பேச்சு இல்லை, பணக் கணக்கு தெரியவில்லை, கேட்கவும் பயம். அந்தப் பயத்தைப் பற்றித்தான் நாங்கள் பேச வேண்டும். அதை விட்டுவிட்டு மறுபடி சீட்டு எடுக்கிறார்கள். எடுத்ததும் கொஞ்சம் ஆறுதல். சில மணி நேரத்தில் பதற்றம் திரும்புகிறது. மீண்டும் ஒரு சீட்டு. கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவர்களின் தவிப்பும் இதே வகைதான். நிச்சயமின்மையைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பழகுவதற்குச் சிகிச்சையில் வழி உண்டு. பழகப் பழகப் பதற்றம் குறைகிறது. கணவரிடம் நேராகக் கேட்கும் துணிவும் வருகிறது.

உடம்பு விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடச் சீட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் மருத்துவரிடம் போங்கள். ‘மறைந்திருப்பதை விலக்கப் பரிகாரம்’ என்று பணம் கேட்டால் அப்போதே எழுந்துவிடுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் தவிக்கிறீர்கள் என்றால் 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.