மான்கொம்புப் பெரணியின் பழுப்பு இலையைப் பிய்க்காதீர்கள்

போன மாதம் ஒருவர் தன் மான்கொம்புப் பெரணியை, அதைக் கட்டி மாட்டியிருந்த பலகையோடு கழற்றி என்னிடம் தூக்கி வந்தார். "காய்ஞ்ச இலையெல்லாம் எடுத்துட்டேன், தினமும் தண்ணி விடுறேன், அப்பவும் தேறலை" என்றார். எடுத்ததுதான் வினை.

ஸ்டாக்ஹார்ன் ஃபெர்ன் என்று நர்சரியில் விற்கும் இந்தச் செடிக்கு இலை இரண்டு வகை. கொம்பு போலப் பிரிந்து தொங்குபவை தெரியும். அடியில் பலகையை அணைத்தபடி வட்டமாக இருப்பது கேடய இலை. அது பச்சையாக முளைத்துப் பெரிதாகி, அப்புறம் பழுப்பாகி அட்டை மாதிரி காய்ந்துவிடும், அதுதான் அதன் இயல்பு. காட்டில் இது மரத்தில் தொற்றி வளர்வது (ஒட்டுண்ணி இல்லை, மரத்திடம் எதையும் உறிஞ்சாது). மண்ணே இல்லாத இடத்தில், மழைநீரையும் மேலிருந்து விழும் சருகையும் அந்தக் காய்ந்த அடுக்குகள்தான் தேக்கி வைக்கின்றன, வேர்களும் அதற்குள்ளேயே ஓடுகின்றன. பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும்.

இன்னும் இரண்டு கூத்து உண்டு. இலை மேல் வெள்ளையாக இருக்கும் பூனைமுடியைத் தூசி என்று துடைப்பார்கள். ஈரம் ஆவியாகாமல் காப்பதே அதுதான். கொம்பு நுனியின் அடிப்பக்கம் வரும் பழுப்புத் திட்டைப் பூச்சி என்று மருந்தடிப்பார்கள், அது பெரணியின் வித்துத்தூள் (ஸ்போர்).

தண்ணீர் விஷயத்தில் கைதான் அளவுகோல். வேரைச் சுற்றிப் பலகையில் வைத்துக் கட்டியிருக்கும் பாசி (மாஸ்) நன்றாக ஊறும்வரை பலகையை வாளித் தண்ணீரில் 10, 15 நிமிடம் அமிழ்த்தி, சொட்டு நின்றதும் மாட்டுங்கள். அடுத்த முறை எப்போது? பாசி காய்ந்து, தூக்கினால் பலகை லேசாகத் தெரியும்போது. கொம்புகள் கொஞ்சம் துவண்டால் பரவாயில்லை, முக்கினால் நிமிர்ந்துவிடும். கொம்பின் அடி கறுத்தால்தான் பயப்பட வேண்டும், அது அழுகல். வெளிச்சம் நிறைய வேண்டும், சுள்ளென்ற வெயில் கூடாது.

புதிதாக வாங்குபவர்கள் கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் வளரும் பைஃபர்கேட்டம் இனத்தை வாங்கலாம். நம் தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், பக்கத்தில் குட்டியும் விடும்.

சரி, அவர் செடிக்கு வருவோம். கறுத்ததை மட்டும் வெட்டி, புதுப் பாசி வைத்து, குருத்தின் மேல் படாமல் தூண்டில் நரம்பால் கட்டிக் கொடுத்தேன். நகம் அளவுக்கு ஒரு கேடய இலை பச்சையாக எட்டிப் பார்ப்பதாக நேற்றுப் படம் அனுப்பியிருந்தார். அது பழுப்பானதும் மறுபடி கத்திரியைத் தேடாமல் இருந்தால் சரி.