பழைய பிக்கப்பை வீட்டிலேயே சரிசெய்கிறீர்களா? முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள்

சொந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வேலை பார்க்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? பழைய பிக்கப் வாங்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பழுது பார்ப்பதற்கு அனுமதி தேவையில்லை. வண்டியின் அமைப்பை மாற்றுவதாக இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று தெரியாமல் கிரைண்டரைக் கையில் எடுப்பவர்கள்தான் பிறகு ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைகிறார்கள். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்த விளக்கம்.

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இதற்கானது. ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள், வண்டியைத் தயாரித்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 'மாற்றம்' என்பதற்கு அதே பிரிவு விளக்கமும் தருகிறது: வண்டியின் கட்டமைப்பில் கை வைத்து, அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாறினால் அது மாற்றம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கமாகச் சொன்னது. தயாரிப்பாளர் கொடுத்த மூல அளவுகளுக்கு மாறாக எதையும் செய்ய முடியாது, மாநில விதியைக் காட்டியும் தப்ப முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. ஆர்.சி.யில் உள்ள மற்ற விவரங்களை உரிய முறையில் மாற்றிப் பதிந்துகொள்ளலாம்.

எது பழுது, எது மாற்றம்?

பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் பழுது பார்க்கும் வேலை. சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் ஒரு இலை உடைந்திருந்தால் அதே அளவில் இன்னொன்று போடலாம். கேபினின் தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத் தகட்டை வைத்து வெல்டு செய்யலாம். எஞ்சினை இறக்கிப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), புது பிஸ்டன் ரிங் மாட்டி ஏற்றினாலும் அது அதே எஞ்சின்தான், அதே நம்பர்தான். இதற்கெல்லாம் யாரையும் கேட்க வேண்டாம்.

பெயின்ட் வேலையில் கொஞ்சம் கவனம் வேண்டும். அதே நிறத்தை மறுபடி அடித்தால் கேள்வி இல்லை. வேறு நிறம் என்றால் ஆர்.சி.யில் அந்த நிறத்தைப் பதிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் நிறம் ஆர்.சி.யில் இருக்கும் ஒரு விவரம். செய்யக்கூடிய மாற்றம்தான், பலர் பதிவு செய்ய மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இனி சிக்கலான பக்கம். ஒற்றை கேபின் வண்டியை டபுள் கேபின் ஆக்குவது, சேஸிஸை (அடிச்சட்டத்தை) வெட்டி நீட்டுவது அல்லது குறுக்குவது, பின்பக்கத் தொட்டியைக் கழற்றிவிட்டு மூடிய பாடி கட்டுவது, உட்காரும் இடங்களைக் கூட்டுவது, வண்டியை இஞ்சுக் கணக்கில் உயர்த்திப் பெரிய டயர் மாட்டுவது எல்லாம் அடிப்படைத் தன்மையை மாற்றும் வேலைகள். முன்னால் இரும்புக் குழாயில் பம்பர் கார்டு வைப்பதும் இதில் சேரும். அது 52-வது பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பழைய பிக்கப்புக்கு அது எடுப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் எதிரே நடந்து வருபவர் மேல் மோதினால் அந்தக் குழாய் செய்யும் சேதம் மிக மோசமானது, அதனால் இந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன்.

எஞ்சின் மாற்றம்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு உதிரிபாகம் கிடைக்காது, அதனால் ஒரு டீசல் எஞ்சினை வாங்கி ஏற்றிவிடுவார்கள். ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர், எரிபொருள், குதிரைத்திறன் எல்லாம் பழையபடியே இருக்கும். வேறு எரிபொருள், வேறு கம்பெனி எஞ்சின் என்றால் அது தயாரிப்பாளரின் மூல அளவையே மீறுவது. எஞ்சின் உடைந்தே போய்விட்டால் அதே கம்பெனி, அதே வகை எஞ்சினைத் தேடுங்கள். அதற்கும் முன்கூட்டியே ஆர்டிஓ ஆபீஸில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பில்லைப் பத்திரமாக வையுங்கள், பில் இல்லாத எஞ்சின் திருட்டு எஞ்சினாகவும் இருக்கலாம். மாற்றம் நடந்த 14 நாட்களுக்குள் தகவல் கொடுத்து, கட்டணம் கட்டி, ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். வண்டி தவணையில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும்.

விதியை மீறினால்? 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். பம்பர் கார்டு ஒன்று, எஞ்சின் ஒன்று, பாடி ஒன்று என்று தனித்தனியாகக் கணக்கு வரும். சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் எழுப்பினால் அது வேறு பிரிவு: 190(2)-ன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு, லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும்.

வின்டேஜ் பதிவு யாருக்கு?

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதலான விதிகள் சேர்க்கப்பட்டன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவத்திலேயே பராமரிக்கப்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் வின்டேஜ். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்த வண்டி இதில் வராது. பழைய வண்டியை வீட்டில் வைத்து வேலை பார்ப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய வரி இதுதான். இன்று அழகுக்காக வெட்டும் ஒரு தகடு, நாளை இந்தப் பதிவுக்கான கதவை மூடிவிடலாம். அதனால் வேலையைத் தொடங்குமுன்பே முடிவெடுங்கள்: இந்த வண்டி பழையபடி நிற்க வேண்டுமா, இல்லை உங்கள் விருப்பத்துக்கு மாற வேண்டுமா? இரண்டையும் ஒரே வண்டியில் செய்ய முடியாது.

50 ஆண்டு என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. 1988-ல் வந்த டாடாமொபைல் 206 நம் கண்ணுக்கு எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் 2038-க்கு முன் இந்தக் கணக்கில் சேராது. 1970-களின் தொடக்கத்தில் பதிவான ஸ்டாண்டர்டு 20, மெட்டடோர், ஜீப் வகை பிக்கப் என்றால் வயதுக் கணக்கு சரி. ஆனால் இந்த விதிகள் வணிகத்துக்கு ஓடாத வண்டிகளை நினைத்து எழுதப்பட்டவை. உங்கள் ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்று இருந்தால், விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளம் வழியாக, படிவம் 20-ல். இன்ஷூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டி என்றால் அதன் சுங்க ஆவணம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ-ல் சான்றிதழ் தர வேண்டும், அது 10 ஆண்டு செல்லும். புதிதாகக் கொடுக்கும் எண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பின் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், பழைய நம்பர் மேல் பாசம் உள்ளவர்களுக்கு நல்ல செய்தி. ஒன்று மட்டும்: வின்டேஜ் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு, இவற்றுக்குப் போய்வரும் பயணம் ஆகியவைதான் அனுமதி. அன்றாடம் காய்கறி ஏற்ற வேண்டும் என்பவருக்கு இந்தப் பதிவு பொருந்தாது.

சேஸிஸ் நம்பர்

எந்த வழியில் போனாலும் சேஸிஸ் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும். படிவம் 20-ல் அந்த நம்பரின் பென்சில் பிரின்ட் ஒட்டச் சொல்வார்கள்: நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்துகள் காகிதத்தில் ஏறும். பழைய வண்டிகளில் அந்த இடத்தில் மூன்று கோட் பெயின்ட்டும் கிரீஸ் கலந்த மண்ணும் கட்டியாக உறைந்திருக்கும். அங்கே கிரைண்டரையோ மணல் ஊதும் கருவியையோ கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டி, பிறகு பெயின்ட் ரிமூவர் தடவிப் பித்தளை பிரஷ்ஷால் கையாலேயே தேய்த்தால் போதும். எழுத்தின் ஓரம் மழுங்கிவிட்டால், நீங்கள் திருத்தினீர்களா என்ற சந்தேகம் வரும், ஆய்வாளரைக் குறை சொல்லவும் முடியாது. எழுத்து தெரிந்ததும் கிரீஸ் தடவி, மேலே டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்துக்குப் பெயின்ட் அடியுங்கள். துருவில் நம்பர் ஏற்கெனவே அழிந்திருந்தால், நீங்களாகப் பஞ்ச் செய்துவிடாதீர்கள். ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக்கொடுத்து அவர்கள் சொல்லும் முறையில்தான் செய்ய வேண்டும்.

எஃப்.சி., பெர்மிட், லைசென்ஸ்

சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுக்கு. அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (ஓட்டத் தகுதியானது என்ற சான்று) தனி: எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும். பழைய வண்டிகளுக்கான கட்டணம் அண்மை ஆண்டுகளில் ஏறியிருப்பதால், கட்டும் நாளில் பரிவாகனில் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, சிறிய பிக்கப்புகள் சில இதில் அடங்கும். 7,500 கிலோ வரை இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

எல்.பி.ஜி., சி.என்.ஜி., பேட்டரிக்கு மாற்றுவது மட்டும் 52-வது பிரிவிலேயே விதிவிலக்காக இருக்கிறது. ஆனால் அதற்காகப் பொருத்தும் கிட் (உபகரணத் தொகுப்பு) அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் பொருத்த வேண்டும், ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

எந்த மாற்றம் செய்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். விபத்து நடந்த பிறகு, வண்டியில் இருக்கும் எஞ்சினும் ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சினும் வேறு என்று இன்ஷூரன்ஸ் சர்வேயர் எழுதினால், கிளெய்ம் கிடைப்பது கடினம்.

கழிவுக்கும் விதி உண்டு. 2016-ன் விதிகளின்படி பழைய எஞ்சின் ஆயில் அபாயகரமான கழிவு, சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. மூடிய கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையோடு கலக்காமல் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுப்பது 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி உபயோகிப்பவரின் பொறுப்பு. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதாமல், தண்ணீரால் நனைத்துத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிவிடுங்கள்.